இருமாமப் பாடணும்

மீனா: அதெல்லாம் இருக்கட்டும் அண்ணி, முதுகுக்குப் பின்னாடி மறைக்கிற கைய முன்னாடி கொண்டா.

தேவிப்ரியா: கையில இன்னா... ஸ்பூனு.

மீனா: ஸ்பூன்ல?

தேவிப்ரியா: மருந்து. இருமலுக்கு.

மீனா: எறும்பு வரிசை கட்டிக்கினு வருதே, அதுக்கும் இருமலா?

தேவிப்ரியா: மலைத்தேனுடி. திப்பிலியத் தட்டிப் போட்டு... க்கும்... க்கும்... உங்க அண்ணன்தான் வாங்கியாந்தாரு. நக்கினா தொண்டைக்கு இதமா இருக்குது.

மீனா: சக்கரை இருக்கிற ஆளு தேன் பாட்டிலோட நிக்கிற. இதமா இருக்காம இன்னா பண்ணும்?

தேவிப்ரியா: இது சாதா தேன் இல்ல. நாவப்பூவுல எடுத்தது.

மீனா: எடுத்தா?

தேவிப்ரியா: நாவக்கொட்டை சக்கரைக்கு நல்லதுன்னு ஊரே சொல்லுதா இல்லியா? கொட்டை நல்லதுன்னா பழம் நல்லது. பழம் நல்லதுன்னா பூ நல்லது. பூ நல்லதுன்னா...

மீனா: நிறுத்து, நிறுத்து. வேப்பம்பூ தேன் துன்னிருக்கியா?

தேவிப்ரியா: துன்னிருக்கேன்.

மீனா: வேப்பங்கொட்டையாட்டம் கசந்துச்சா?

தேவிப்ரியா: ...இல்ல. இனிச்சுது.

மீனா: அவ்ளோதான். தேனுன்னா தேனுதான். பாட்டில இப்படிக் குடு. வெரல நீட்டு, சக்கரை பாக்குற மிஷின் எடுத்தாந்துட்டேன்.

தேவிப்ரியா: குத்தாதடி, வலிக்கும்.

மீனா: சடுகுடுல நாலு பேரு மேல வுழுந்தாலும் சிரிச்சிக்கினு எழுந்து வருவ. ஊசி வலிக்குதா? நீட்டு... ஐயோ அண்ணி. முந்நூத்தி எழுபது.

தேவிப்ரியா: மிஷின் கெட்டுப்போச்சு.

மீனா: மிஷின் கெடல, வெரலுதான் பிசுபிசுங்குது. தேனோட நீட்டினா மிஷினு இன்னா சொல்லும்? போய் சோப்பு போட்டுக் கழுவிக்கினு வா.

தேவிப்ரியா: பாத்தியா, நான்தான் சொன்னேனே... தோ, கழுவிட்டேன். இப்பக் குத்து. நூத்தி இருபதுதான் வரும் பாரு.

மீனா: முந்நூத்தி பதினஞ்சு. இப்ப எதைக் கழுவுறது?

தேவிப்ரியா: வெளையாடாத மீனா. இது எப்படி ஏறும்? நான் சோறே துன்னலியே. சளி புடிச்சதுலேர்ந்து சாமையரிசிக் கஞ்சிதான் ரெண்டு வாய் குடிக்கிறேன். அதனாலதான் மாத்திரைய கூட...

மீனா: மாத்திரைய கூட?

தேவிப்ரியா: துன்னாம மாத்திரை போட்டா மயக்கம் வரும்னு... நிறுத்திட்டேன்.

மீனா: யாரு சொன்னது?

தேவிப்ரியா: நானாத்தான்.

மீனா: நீயாத்தான். இரு, பாரதி சிஸ்டருக்கு ஃபோன் போடுறேன்.

தேவிப்ரியா: வேணாம்டி. நர்ஸம்மா உக்காருன்னு சொல்லிட்டா என் கதை முடிஞ்சுது. காணும் பொங்கல் கிட்ட வந்துருச்சு.

மீனா: ரிங்கு போவுது. ஸ்பீக்கர்ல போட்டுட்டேன், நீயே பேசு.

பாரதி: சொல்லு மீனா.

மீனா: எங்க அண்ணி சிஸ்டர். சளி, இருமலு. முந்நூத்தி பதினஞ்சு காட்டுது. தேன் நக்கிக்கினு, மாத்திரைய நிறுத்திக்கினு இருக்குது.

பாரதி: ரெண்டுமா? ஒண்ணு பண்ணாலே தாங்காதே. தேவிப்ரியா, இருக்கியா?

தேவிப்ரியா: இருக்கேங்க சிஸ்டர்.

பாரதி: வாந்தி, பேதி?

தேவிப்ரியா: இல்லீங்க.

பாரதி: மூச்சு வாங்குதா? ஜுரம்?

தேவிப்ரியா: ஜுரம் மொத நாளு இருந்துது. இப்ப இல்லீங்க. இருமலுதான்.

பாரதி: அப்ப நல்லாக் கேட்டுக்கோ. சளி புடிச்சா நீ ஒண்ணுமே துன்னாட்டி கூட சக்கரை தானா ஏறும். ஒடம்பு சளியோட சண்டை போடுதில்ல, அதுல ஏறுறது. அந்த நேரம் பாத்து மாத்திரைய நிறுத்தினா? உனக்குக் குடுத்திருக்கிற மாத்திரைய எப்பவும் போல போடு. வாந்தி கீந்தி வந்து எதுவும் தங்கலன்னா மட்டும் எனக்கு ஃபோன் பண்ணு, நீயா முடிவு எடுக்காத. தண்ணி நெறைய குடி. கஞ்சியும் கணக்குதான், அதுலயும் சக்கரை இருக்குது. ஒரேயடியா ஊத்திக்காம கொஞ்சம் கொஞ்சமாக் குடி.

மீனா: இருமலுக்கு சிஸ்டர்?

பாரதி: உப்புத் தண்ணியில கொப்புளிக்கட்டும். ஆவி புடிக்கட்டும். கடையில சிரப்பு வாங்கினா, எனக்கு சக்கரை இருக்குதுன்னு சொல்லி, சக்கரை போடாததாக் கேட்டு வாங்குங்க. காலையும் சாயங்காலமும் வெரலக் குத்திப் பாத்து எனக்கு சொல்லு. எறங்கலன்னா, மூச்சு வாங்கினா, அன்னிக்கே ஜீப் ஏறி வந்துரணும்.

தேவிப்ரியா: சரிங்க சிஸ்டர்... காணும் பொங்கலுக்கு...

பாரதி: தெரியும். கல்யாணம் ஆனவங்களுக்கும் ஆவாதவங்களுக்கும் சடுகுடு. வெள்ளிமலை பூரா அதே பேச்சுதான். அதுக்கு மொத நாளு ஆஸ்பத்திரிக்கு வா. சக்கரை எறங்கி, நெஞ்சு சுத்தமா இருந்தா ஆடு. இல்லன்னா போன வருஷம் மாதிரி மோர் ஊத்து.

தேவிப்ரியா: அதைச் சொல்லிக் காட்டணுமா சிஸ்டர்?

மீனா: ஃபோன வெச்சுட்டாங்க. அழுவாத அண்ணி.

தேவிப்ரியா: அழுவல. மணலூர்பேட்டையில ஸ்கூலு டீமுக்கு நான்தான் கேப்டன், தெரியுமில்ல? இங்க வாக்கப்பட்டு வந்து, சக்கரைன்னு ஒரு பேரு வந்ததும், "பாவம், சக்கரைக்காரி, நெழல்ல உக்காரு"ன்னு கையில மோர் டம்ளரக் குடுத்துட்டாங்க. என் டீமுல மூச்சு வுடாம 'கபடி கபடி'ன்னு பாடிப் போவத் தெரிஞ்சது நான் ஒருத்திதான். நான் உக்காந்தா இந்த வருஷமும் நீங்கதான் ஜெயிப்பீங்க.

மீனா: அப்ப எனக்கு லாபந்தானே. ஆவாதவங்களுக்கு நான் கேப்டனு.

தேவிப்ரியா: பின்ன இன்னாத்துக்கு தேன் பாட்டில புடுங்கின?

மீனா: மோர் ஊத்துறவங்களத் தோக்கடிச்சா எனக்கு இன்னா பெருமை? எழுந்திரு. தண்ணி கொதிக்குது, ஆவி புடி.

•

மீனா: போர்வைக்குள்ள இன்னா சத்தம்?

தேவிப்ரியா: பாடிக்கினு இருக்கேன். கபடி கபடி கபடி கப... க்கும்.

மீனா: செத்த. எங்க கட்டத்துல இருந்திருந்தா அவுட்டு.

தேவிப்ரியா: நேத்து ரெண்டாவது கபடியிலயே இருமல் வந்துச்சு. இன்னிக்கு நாலாவதுக்குதான் வந்துது. எறங்குதா இல்லியா?

மீனா: சக்கரையும் எறங்குது. காலையில இருநூறுக்குக் கீழ. தண்ணி குடிச்சியா?

தேவிப்ரியா: குடிச்சி குடிச்சி கொல்லைக்கு நடக்கவே நேரம் சரியா இருக்குது. அதுவே ஒரு ப்ராக்டிஸு. ஏண்டி, அமிர்தம் சித்தி வந்துட்டுப் போச்சே, அது இன்னா டம்ளர்ல?

மீனா: உனக்குன்னு சுக்குக் காப்பி. வெல்லத்தக் கட்டி கட்டியாப் போட்டு.

தேவிப்ரியா: எங்க அது?

மீனா: நான் குடிச்சிட்டேன்.

தேவிப்ரியா: அடிப்பாவி.

மீனா: உனக்கு வெல்லம் போடாம சுக்குத் தண்ணி தோ இருக்குது. மொகத்த சுளிக்காம குடி. உனக்கு கஷாயம் வைக்கிறேன்னு எங்க டீமுல என்னைத் திட்டித் தீக்குறாளுங்க. எதிரி பாட்டுக்கு சுருதி சேக்குறியான்னு கேக்குறா ஒருத்தி.

தேவிப்ரியா: நீ இன்னா சொன்ன?

மீனா: "எங்க அண்ணிய நான் மட்டுந்தான் அவுட்டு ஆக்கணும், இருமல் ஆக்கக் கூடாது"ன்னேன்.

•

பாரதி: மூச்ச நல்லா இழு... வுடு. இன்னொரு வாட்டி. ம். நெஞ்சு சுத்தமா இருக்குது.

தேவிப்ரியா: நம்பரு சிஸ்டர்?

பாரதி: இன்னாத்துக்கு கண்ண மூடிக்கினு இருக்க?

தேவிப்ரியா: பயமா இருக்குது. சொல்லுங்க.

பாரதி: நூத்தி நாப்பத்தெட்டு.

மீனா: அண்ணி...

தேவிப்ரியா: மிஷின் கெட்டுப்போச்சா சிஸ்டர்?

பாரதி: கெடல. போய் ஆடு. வெறும் வயித்துல எறங்காத, துன்னுட்டு எறங்கு. கை நடுங்கினா, வேர்த்துக் கொட்டினா உடனே ஆட்டத்த வுட்டு வந்துரு. மிஷினோட கோட்டுக்கு வெளியதான் உக்காந்திருப்பேன்.

•

பாரதி: தள்ளுங்கம்மா, அவ மூச்சு வாங்கட்டும். பரிசா வாங்கின அந்த எவர்சில்வர் அண்டாவ கீழ வெச்சிட்டு வெரல நீட்டு தேவிப்ரியா.

தேவிப்ரியா: அண்டாவ வைக்க மாட்டேன் சிஸ்டர். இந்தக் கையில குத்துங்க.

பாரதி: நூத்தி பத்து. சோக்கா இருக்குது. மொத்த ஆட்டத்துலயும் உன் பாட்டு ஒரு தடவை கூட அறுந்து போவல. நானும் காதத் தீட்டிக்கினுதான் இருந்தேன்.

மீனா: ஒரே பாட்டுல எங்க ஆளுங்க மூணு பேரத் தொட்டுட்டு வந்துச்சே, அத சொல்லுங்க.

தேவிப்ரியா: உன் சுக்குத் தண்ணிடி அது.

பாரதி: எனக்குப் புரியாதது அந்தக் கடைசி பாட்டுதான். மீனா டீமு ஒரு பாயிண்ட்டு பின்னாடி. யாரயாவது தொட்டே ஆவணும்னு மீனா உள்ள வர்றா. தேவிப்ரியா டீமு ஏழு பேரும் புடிக்காம, பயந்தாங்கொள்ளிங்க மாதிரி பின்னாடி பின்னாடிப் போறாங்க. புடிங்கடின்னு நான் கத்தறேன். பாத்தா, மீனாவே நடுவுல பாட்ட வுட்டுட்டு நிக்கிறா. இன்னாடி ஆச்சு உனக்கு?

மீனா: தூசு சிஸ்டர். மண்ணு பறந்துச்சில்ல... க்கும்.

பாரதி: தூசா?

மீனா: ...க்கும். க்கும்.

பாரதி: தூசு இன்னும் அடங்கலியா?

மீனா: சரி, சொல்லிடுறேன். அண்ணி சளி எனக்கு ஒட்டிக்கிச்சு. ரெண்டு நாளா இருமலு. எங்க டீமுக்குத் தெரிஞ்சா பாட வுட மாட்டாளுங்க. அண்ணிக்குத் தெரிஞ்சா ஆட்டமே வேணாம்னு ஒக்காந்துக்கும். அதான் யாருக்கும் சொல்லல. உனக்கும்தான் அண்ணி, கோச்சிக்காத.

தேவிப்ரியா: நான் இன்னாத்துக்கு கோச்சிக்கப் போறேன்? விடிகாலையில மாட்டுக் கொட்டாயில தலையணைய வாயில அமுத்திக்கினு நீ இருமினது எனக்குக் கேட்டுதே. ஒக்காந்துக்கலாம்னுதான் மொதல்ல நெனச்சேன். அப்பாலதான் நீ சொன்னது ஞாபகம் வந்துச்சு, மோர் ஊத்துறவங்களத் தோக்கடிச்சா இன்னா பெருமைன்னு. அதான் கடைசி பாட்டுல எங்க ஏழு பேருக்கும் சொன்னேன்: "அவள எவளும் தொடாதீங்க, பின்னாடியே போய்க்கினு இருங்க, அவளே இருமுவா." சிரிக்காதீங்க சிஸ்டர். இவ எனக்கு ஆவி புடிக்க வெச்சா, சுக்கு தட்டினா, சக்கரைய எறக்கி வுட்டா. நான் அவ இருமலையே வெச்சி அவள ஜெயிச்சுட்டேன். இது துரோகமா, இல்ல ஆட்டம்னா இப்படித்தானா? நீங்க இன்னா நெனைக்கிறீங்க?