ஏஞ்சலுக்கு ஆகாத தண்ணீர்

ரெயின்போ மீன்களுக்குத் துணை மீன் தேர்ந்தெடுப்பது கஷ்டமான வேலை இல்லை. தண்ணீரிலிருந்து தொடங்க வேண்டும், மீனிலிருந்து அல்ல. பெரும்பாலானவர்கள் கடையில் நின்று அழகைப் பார்த்துத் தொடங்குகிறார்கள். அங்கேயே பிழை நேர்ந்துவிடுகிறது.

வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டுக்கு இரண்டு தண்ணீர் வருகிறது. ஒன்று நகரக் குழாய்த் தண்ணீர், மென்மையானது. மற்றது கட்டடத்தின் குழாய்க் கிணற்றுத் தண்ணீர். அதில் சுண்ணாம்பு அதிகம். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும், தலைமயிர் தென்னந்தும்பு மாதிரி ஆகும். கட்டடத்தில் எல்லாரும் அதைத் திட்டுவார்கள். ரெயின்போக்களுக்கு அதுதான் வேண்டும். முன்பாதி நீலம், பின்பாதி தோடம்பழச் செம்மஞ்சள். கடின நீரில்தான் அந்த நிறம் எழும்பும். துணைக்கு மொலியும் வாள்வால் மீனும் விட்டிருந்தேன். அவையும் அதே தண்ணீருக்குரியவை, அதே வேகத்தில் சாப்பிடுபவை. ஒரு வருடத்துக்கு மேலாக ஒரு மீனும் சாகவில்லை.

இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர். நேற்று மரண விசாரணையில், மீன்தொட்டியைப் பராமரிக்கத் தெரியாததால் நேர்ந்த விபத்து என்று வாசித்தார்கள். நான் அக்காவின் பக்கத்தில் இருந்து கேட்டேன். நான் அதிகம் கதைக்கிற ஆள் இல்லை. கம்பஸில் நாலு வருடமாகப் பின் வாங்கிலேயே இருக்கிறவள். ஆனாலும் அந்த வசனத்தை அப்படியே விட முடியவில்லை. அதனால்தான் வந்தேன்.

அக்கா சுபோதினிக்கும் எனக்கும் எட்டு வயது வித்தியாசம். அம்மாவும் அப்பாவும் போனபிறகு என்னை வளர்த்தவள் அவள்தான். எனக்குக் களனியில் விஞ்ஞான பீடம் கிடைத்தபோது யாழ்ப்பாணத்து வீட்டைப் பூட்டிவிட்டு என்னோடு கொழும்புக்கு வந்தாள். நாங்கள் இரண்டு பேரும் ஒரே மாதிரி. சத்தம் பிடிக்காது. பின்னேரம் தொட்டிக்கு முன்னால் இருந்து தேத்தண்ணி குடிப்போம், ஒன்றும் கதைக்காமல். அது அவளுக்கும் போதுமாக இருந்தது.

பிறகு அக்காவைக் கலியாணம் செய்து தனஞ்சயன் அத்தான் வந்தார். அவர் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். எல்லாரையும் சிரிக்க வைப்பார். ஒருநாள் ஒரு பொலித்தீன் பையில் நாலு ஏஞ்சல் மீனோடு வந்து நின்றார்.

“மச்சாள், உங்கட மீனுகள் வெளிச் சனத்தோட பழகாததுகள். கொஞ்சம் கலந்து இருக்கட்டும்.”

“அத்தான், ஏஞ்சலுக்கு இந்தத் தண்ணி சரிவராது.”

“சரிவராட்டி சரிவரப் பண்ணுவம். உங்கட அக்காவும் முதல்ல என்னைச் சரிவராதெண்டுதானே சொன்னவ.”

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “விடடி, ஆசையா வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்.”

அடுத்த நாள் வளர்ப்பு மீன்கடை ராசிக் நானாவிடம் போய், எப்படி விற்றீர்கள் என்று கேட்டேன்.

“ரெயின்போவோட போட ஏலா எண்டு படிச்சுப் படிச்சுச் சொன்னன், தங்கச்சி. ஏஞ்சல் கலியாண வீட்டுக்குச் சாரி உடுத்துப் போற பொம்புள மாதிரி. உங்கடது நூறாம் நம்பர் பஸ் கொண்டக்டர். ரெண்டையும் ஒரு வீட்டுல வச்சா என்னத்துக்கு ஆகும்? உங்கட மச்சான் கேக்கல்லயே.”

அவர் சொன்னபடியே நடந்தது. என் மீன்கள் பாய்ந்து சாப்பிட்டு முடித்த பிறகுதான் ஏஞ்சல்கள் திரும்பிப் பார்க்கும். அவை மெலிந்தன. அத்தான் பரிதாபப்பட்டார். என்னிடம் கேட்காமலே பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு நகரக் குழாய்த் தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் மென்மையாகும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, கொட்டம்பா என்கிற நாட்டு வாதுமை மரத்தின் காய்ந்த இலைகளையும் போட்டார். தொட்டி வெறும் தேத்தண்ணி நிறத்துக்கு வந்தது. ரெயின்போக்களின் நீலம் சாம்பலாகியது. பெரிய ஆண் மீன் இரண்டும் ஒரே கிழமையில் செத்தன.

“போகட்டும் மச்சாள், மீன்தானே. வேற வாங்கித் தாறன்,” என்றார். உண்மையிலேயே வாங்கித் தந்திருப்பார்.

அந்த மாதம்தான் அக்கா பிள்ளைத்தாய்ச்சி என்று தெரிந்தது. சந்தோஷமான செய்தி. எனக்கும் சந்தோஷம்தான். பிறகு அத்தான் சாப்பாட்டு மேசையில் சொன்னார், பிள்ளைக்கு என் அறை வேண்டும், எனக்குக் களனிப் பக்கம் ஒரு நல்ல ஹொஸ்டல் பார்த்திருக்கிறார், தொட்டியை ராசிக் எடுப்பான் என்று. நான் அக்காவைப் பார்த்தேன். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: “நீயும் உன்ர வாழ்க்கையைப் பாக்க வேணும்தானே.”

அது அவளுடைய வசனம் இல்லை. அவளை எனக்குத் தெரியும். நான் “ஓம்” என்றேன்.

கரண்ட் ஒழுகினால் தானாகவே துண்டிக்கிற ட்ரிப் சுவிட்ச் விழத் தொடங்கியது அதற்குப் பிறகு. நினைத்த நேரத்தில் வீடு முழுக்கக் கரண்ட் போகும், பிரிட்ஜில் பால் பழுதாகும். ரொஷான் என்ற எலெக்ட்ரீஷியன் வந்து பார்த்துவிட்டு, ஏதோ ஒரு சாமானில் கரண்ட் ஒழுகுகிறது, ஒவ்வொன்றாகப் பார்த்தால்தான் பிடிக்கலாம், நாளைக்கு வருகிறேன் என்றார். அன்றைக்குக் கிரிக்கெட் மட்ச். அத்தான் சிங்களத்தில் பகிடி விட்டு, தேத்தண்ணி கொடுத்து, ட்ரிப் சுவிட்ச்சைத் தாண்டி நேரே கரண்ட் கொடுக்க வைத்தார். தற்காலிகமாக. எங்கள் கட்டடத்தில் பாதி வீடுகளில் அந்தத் தற்காலிகம்தான் நடக்கிறது. ரொஷானை நீங்கள் பிடித்து வைத்திருப்பது நியாயமில்லை. அவர் திரும்பி வந்தபோது, எல்லாம் சரி, இனி வரத் தேவையில்லை என்று சொல்லி அனுப்பியது நான்.

ஏனென்றால் அதற்குள் நான் கண்டுபிடித்திருந்தேன். ஒவ்வொரு பிளக்காகக் கழற்றி வயரைப் பார்த்தால் தெரிந்துவிடும். தொட்டிப் பம்பின் வயர்தான். தண்ணீருக்குள் போகிற இடத்தில் றப்பர் வெடித்திருந்தது. அன்று இரவுச் சாப்பாட்டில் சொல்ல நினைத்தேன். அத்தான் பிள்ளைக்குப் பெயர் சொல்லிக்கொண்டிருந்தார், அக்கா ஒவ்வொன்றுக்கும் முகத்தைச் சுளித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். இடையில் புகுந்து கதைக்க எனக்கு வராது. முதல் நாள் மறந்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்த நாட்களில் மறக்கவில்லை. பிளக்கைக் கழற்றாமல் நான் தொட்டிக்குள் கை வைப்பதில்லை. அவர் வைப்பார் என்பதும் எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை அந்தக் கொட்டம்பா இலைகளை அள்ளி எறிந்தேன். கிணற்றுத் தண்ணீர் எடுத்து, தொட்டியை மெதுவாகப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தேன். கடின நீரில் உப்புகள் கூடுதலாகக் கரைந்திருக்கும், அதனால் மின்சாரத்தை நன்றாகவே கடத்தும். இது சின்ன வகுப்புப் பாடம். பிறகு தரையைக் கழுவினேன். பம்பின் பிளக்கைத் திரும்பப் போட்டேன். அத்தான் பல் தீட்டிவிட்டு வெறுங்காலோடு வந்தார்.

“அத்தான், உங்கட ஏஞ்சல் ஒண்டு பம்புக்குப் பின்னால மாட்டிக்கொண்டு நிக்குது.”

மாட்டியிருந்தது உண்மை. நான் பொய் சொல்லவில்லை.

சத்தம் கேட்டு அக்கா ஓடி வந்தாள். அவள் அவரைத் தொடப் போனாள். நான் அவளை இடுப்போடு சேர்த்துப் பிடித்து இழுத்தேன், பிள்ளைக்கு ஒன்றும் ஆகாத மாதிரி. முதலில் பிளக்கைக் கழற்ற வேண்டும் என்று அவளுக்குச் சொன்னேன். உங்களுடைய ஆட்களும் என் நிதானத்தைப் பாராட்டினார்கள். பிளக்கைக் கழற்றினேன்தான். கை எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவர் அசையாமல் போகும்வரை நான் கையை நீட்டவில்லை.

ஆகவே இதில் அறியாமை எதுவும் இல்லை. அந்த வரியை வெட்டுங்கள். நான் மன்னிப்புக் கேட்க வரவில்லை. எது எதோடு சேரும் என்று ஒருவர் பார்க்காவிட்டால் இன்னொருவர் பார்க்க வேண்டியிருக்கிறது. மாட்டிச் செத்தது போக மிஞ்சிய ஏஞ்சல் மூன்றையும் ராசிக் நானாவிடம் கொடுத்துவிட்டேன். ரெயின்போக்களுக்கு நிறம் திரும்பி வருகிறது.

அக்கா இன்னும் என்னோடு கதைக்கவில்லை. அன்றிலிருந்து அறைக் கதவை உள்ளால் பூட்டிக்கொண்டுதான் படுக்கிறாள். களைப்பு, அந்த நேரத்தில் இருக்கும்தானே. அவளுக்கு மாசியில் திகதி கொடுத்திருக்கிறார்கள். அதற்கு முதல் என்னை விட்டுவிடுங்கள், இன்ஸ்பெக்டர். பிள்ளைப் பெறுவுக்குப் பக்கத்தில் நிற்க அவளுக்கு என்னைவிட்டால் ஆள் இல்லை.