ஆடி மாசத்து நஷ்டஈடு

— அத்தே, எங்க அட்வான்ஸ் அம்பதாயிரத்தையும் குடுத்துடுங்க. முழுசா.

— நர்மதா! படியில எறங்கும்போதுகூட சொன்னேனே, அட்வான்ஸு பேச்ச மட்டும் எடுக்காதன்னு!

— சொன்ன நைனா. அதான் மொதல்ல அதையே கேட்டேன்.

— இன்னாப்பா எத்திராஜு, காலேஜு படிச்ச பொண்ண இட்டாந்து மெரட்டுறியா? கோர்ட்டு இன்னா சொல்லிச்சு? ஆனி கடைசிக்குள்ள மாடிய காலி பண்ணணும். அதுக்கு மேல குந்திக்கினு இருந்தா நாளுக்கு ஆயிரம் நஷ்டஈடு. ஆடி முப்பத்தோரு நாளு, ஆவணியில மூணு. முப்பத்தி நாலாயிரம் அதுலயே பூடுச்சு. மீதி பெயிண்ட்டுக்கு.

— அங்கம்மாக்கா, பதினெட்டு வருசமா உங்க மாடியில கீறோம். பார்த்து எதுனா...

— கெஞ்சாத நைனா. அத்தே, ஆனி கடைசி நாளு எங்க சாமான் ஏத்த வண்டி வந்துச்சா இல்லியா?

— வந்துச்சு.

— பீரோவ ஏத்தினோமா?

— ஏத்தினீங்கமே. இப்ப இன்னாங்குற?

— எறக்கச் சொன்னது யாரு?

— நான்தான்! பின்ன? விடிஞ்சா ஆடி. மாசம் பூரா மேல வெளக்கேத்த ஆளில்லாம வூடு பூட்டிக் கெடந்தா என் குடும்பத்துக்கு ஆவுமா? எம்புள்ள வெற்றிக்கு வேற கல்யாணம் பேசி வச்சிக்கீறேன்.

— அப்ப நாங்க குந்தல. நீங்க குந்த வச்சீங்க. ஆடி வாடகைய அனுப்பினேன், அதையும் வாங்கிக்கினீங்க. அப்புறம் எதுக்கு நஷ்டஈடு?

— வக்கீலுதான் கேளுன்னாரு.

— வண்டிய நீங்க திருப்பி அனுப்பினத அவராண்ட சொன்னீங்களா?

— அது எதுக்கு அவருக்கு?

— சரி, நான் ஜட்ஜுகிட்ட சொல்றேன். கூப்பிட்டு உங்களையே கேக்கட்டும்.

— அய்ய! ஆடி, வெளக்குன்னு நான் கோர்ட்டுல போய் நின்னா அல்லாம் சிரிப்பானுங்கமே.

— சிரிச்சிட்டு, குடுத்துடும்மான்னுவாங்க.

— அக்கா, அது சின்னப் பொண்ணு, கோச்சிக்காதீங்க...

— நீ சும்மா இரு எத்திராஜு. உன் பொண்ணு சரியான பேஜாரு. போன எடுமே... ஆங், அனுப்பிட்டேன். பாரு.

— வந்துடுச்சு. அம்பதும்.

— அப்பாடா! ஒரு மாசமா சோறு எறங்கல நர்மதா. வேற வூட்டு அட்வான்ஸுக்கு என் ஆட்டோவ அடகு வைக்க சேட்டாண்ட பேசிட்டுகூட வந்தேன். இன்னிக்குத் தூங்குவேன்.

— எனக்கும் மனசு கேக்கலதான் எத்திராஜு. ஒண்ணு பண்ணு. வெற்றி கல்யாணம் தையிலதான். அதுவரிக்கும் மேல சும்மாதான் கெடக்கும். பழைய வாடகைக்கே இருந்துக்கங்க. எழுதி வேணாலும் தரேன்.

— கேட்டியா நர்மதா? அக்கா மனசு யாருக்கு வரும்! இருந்துக்கலாம்மா.

— நைனா, காலைல அம்மா எங்க போச்சு?

— காசிமேட்டுக்கு, மீன் வாங்க. ஏன்?

— மீஞ்சூருக்குப் போச்சு. என் சம்பளத்துல வூடு எடுத்து மூணு நாளாவுது, இந்நேரம் அங்க பால் பொங்கியிருக்கும். நான் முன்னாடி போறேன், நீ அத்தேகிட்ட சொல்லிக்கினு வா.