உமியில் சரிபாதி

...ஏமாத்து வேலை தம்பி. வேற என்னத்தைச் சொல்ல. உமி. வெறும் உமி. தானியத்தை எவனோ தின்னுட்டான், மிச்சம் கெடந்த தோலை ஒரு உறையில போட்டு நம்ம தலைக்கு அடியில வெச்சுட்டான். அதுக்கு ஒரு கண்ணாடிக் கதவு, ஒரு ஏசி, வாசல்ல வணக்கம் சொல்ல ஒரு ஆளு... இல்ல இல்ல, எந்திரிக்காதீங்க. படுங்க. அந்தக் கடைப் பொண்ணு உங்களைக் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் அசையாமப் படுக்கச் சொல்லிட்டுத்தானே மாடிக்குப் போச்சு? அது சொன்னபடி செய்யுங்க. அதுவும் ஒரு தொழிலாளி, அது பேச்சை மீறக் கூடாது. நான் சும்மா, கால் வலிக்குதேன்னு பக்கத்துக் கட்டில்ல உக்காந்திருக்கேன். நீங்க தலையணையைப் பரிசோதனை பண்ணுங்க, நான் பேசிக்கிட்டு இருக்கேன். ஒண்ணுக்கொண்ணு இடைஞ்சல் இல்ல.

என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்... ஆங், உமி. பக்வீட்டுன்னு ஒரு தானியமாம். வீட்டுன்னா இங்கிலீஷ்ல கோதுமையாச்சே, கோதுமை வகையான்னு கேட்டேன். இல்லியாம், கோதுமைக்கும் அதுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்லியாம். அப்புறம் எதுக்கய்யா அந்தப் பேரு? இந்த வித்தையெல்லாம் நான் பாக்காததா? பிஸ்கட் கம்பெனியில ஆயுசைக் கழிச்சவன் நான். அங்க பாதாம் பிஸ்கட்டுன்னு ஒண்ணு வரும். பாதாம் அட்டையில இருக்கும், படமா. நான் பேக்கிங் செக்‌ஷன். பாக்கெட்டுல பாதி காத்து தம்பி. அந்தக் காத்தை எதிர்த்து நோட்டீஸ் போட்டேன். 'மக்கள் வாங்குவது பிஸ்கட்டையா, காற்றையா?' தலைப்பே எப்படி இருக்கு பாருங்க. கேட்ல நின்னு ஆளாளுக்குக் குடுத்தேன். நாலு பேரு படிச்சான். மிச்சப் பேரு அதுல உடைஞ்ச பிஸ்கட்டை மடிச்சு வீட்டுக்கு எடுத்துட்டுப் போனான். போகட்டும். பிள்ளைங்களாவது படிச்சிருக்கும்.

என் பேரு யாருக்கும் தெரியாது தம்பி. 'மைக்'னாத்தான் தெரியும். மைக் இல்லாமலே கடைசி வரிசை வரைக்கும் கேக்கும் என் குரல், அதான். பள்ளிக்கூடப் படிப்பு பெருசா இல்ல. படிச்சதெல்லாம் துண்டுப் பிரசுரம். உலகத்தையே எட்டுப் பக்கத்துல அடக்கிப் போட்டதெல்லாம் இருக்கு, அத்தனையும் மனப்பாடம். இப்ப யாருக்கு வேணும்? சங்க ஆபீஸுக்குப் போனா புதுப் பசங்க ஓடி வந்து நாற்காலி போடுறானுங்க. 'ஐயா, நீங்க உக்காருங்க.' மரியாதைன்னு நினைச்சுராதீங்க. பேசாதீங்கன்னு அர்த்தம்.

அது கெடக்கு. நான் என்னமோ உங்க நல்லதுக்குச் சொல்ல வந்தேன். இந்தத் தலையணை வேணாம் தம்பி. சத்தத்தைக் கேட்டீங்களா, தலையைத் திருப்பினா சரசரன்னு, சருகுல பாம்பு போற மாதிரி. இதைக் காதுக்கு அடியில வெச்சுக்கிட்டு எவன் தூங்குவான்? ஆரம்பத்துலதான் அப்படி. அப்புறம் தூரத்துல மழை பெய்யுற மாதிரி ஆயிரும், சொக்கிரும், அது வேற விஷயம். நான் இப்ப குறையைத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன்.

கனத்தைப் பாருங்க. கைக்குழந்தையைத் தூக்குற மாதிரி இருக்கு. கழுத்துக்கு அடியில போய்ப் பிடிச்சு உக்காந்துச்சுன்னா நகரவே மாட்டேங்குது. தலைக்குப் பள்ளம், கழுத்துக்கு மேடு, அது பாட்டுக்கு நம்ம அமைப்பைப் பாடம் பண்ணி வெச்சுக்குது. என்ன உரிமையில? மேனேஜ்மெண்டு கூட அந்த அளவுக்கு நம்மளை வேவு பாத்ததில்ல. சரி, சூடாவது ஏறுமான்னா அதுவும் கிடையாது. பஞ்சுன்னா கொஞ்ச நேரத்துல கதகதன்னு ஆகும், புரட்டிப் போட்டா அந்தப் பக்கம் குளிர்ச்சியா இருக்கும். மனுஷனுக்கு ஒரு மாற்றம், ஒரு நம்பிக்கை. இது ரெண்டு பக்கமும் எப்பவும் ஒரே குளுகுளு. மாற்றத்துக்கே இடம் குடுக்காத தலையணை இது தம்பி. பிற்போக்கு.

அதோ, அந்த மூலையில பாருங்க, நீல உறை. பஞ்சுத் தலையணை. அடுக்கி வெச்சிருக்காங்க, எத்தனை வேணும்னாலும் இருக்கு. எவ்வளவு அடக்கமா இருக்கு பாத்தீங்களா? சத்தம் போடாது, கனம் இல்ல. உழைக்கும் மக்களின் தலையணைன்னா அதுதான். உங்களுக்கு அது ரொம்பப் பொருத்தம். முகத்தைப் பாத்தாலே தெரியுது, நீங்க பஞ்சு ஆளு. எடுத்துட்டு வரட்டுமா? வேணாமா. சரி. அவசரம் இல்ல. யோசிங்க.

இன்னொண்ணு சொல்லணும். உங்க தலையணை ஓரத்துல ஒரு ஜிப் இருக்கும். உயரம் கூடுதலா இருந்தா அதைத் திறந்து கொஞ்சம் உமியை வெளிய எடுத்துக்கலாமாம். அங்கதான் தம்பி வம்பே. ஒரு பொருளுக்கு ஜிப்பை வெச்சா மனுஷன் திறப்பானா மாட்டானா? திறந்தா... வேணாம், அதை விடுங்க.

உனக்கு எப்படிய்யா இவ்வளவு தெரியும்னு நினைப்பீங்க. எங்க வீட்ல ஒண்ணு இருக்கு. ரெண்டு இருக்கு. ஒண்ணுதான்... எப்படி எண்ணுறோங்கிறதைப் பொறுத்தது.

எங்க வீட்டம்மாவுக்குக் கழுத்து வலி. கல்யாணமான நாள்லருந்து தையல் மெஷினுக்கு முன்னாடி குனிஞ்சே இருந்தவ. நான் ஸ்ட்ரைக்குன்னும் சிறைன்னும் போனப்பல்லாம் அந்த மெஷின்தான் அடுப்பை எரிய வெச்சுது. இதை எந்த மேடையிலயும் நான் சொன்னதில்ல. தலைப்பு அப்படி அமையல. இப்ப கழுத்து பிடிச்சுக்கிச்சு. டாக்டர் நல்ல தலையணையாப் பாத்து வாங்குங்கன்னுட்டாரு. எங்க மக அவளை இங்கதான் கூட்டிட்டு வந்தா. இதே கட்டில்தான். இவ ஒவ்வொரு தலையணையாப் படுத்துப் பாத்தா. மெத்துன்னு இருந்தது எல்லாம் கழுத்தை அந்தரத்துல விட்டுருச்சு. இந்த உமியில தலையை வெச்சா பாருங்க, வாயைத் திறந்துக்கிட்டு அப்படியே அசந்து போயிட்டா. மக அந்த இடத்துலயே வாங்கிட்டா. 'அம்மாவுக்கு'ன்னு அழுத்திச் சொன்னா. என்னைப் பாத்துக்கிட்டே சொன்னா. அப்பவே எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு.

ஒரு வாரம் நல்லாத் தூங்கினா. காலையில எந்திரிச்சு ஏதோ முணுமுணுன்னு பாட வேற செய்யுறா. கழுத்தை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிக் காட்டுறா, கண்ணாடி முன்னாடி. நான் பக்கத்துல, என் பழைய பஞ்சு மூட்டையில. நீங்களே சொல்லுங்க. ஒரே கட்டில், ரெண்டு வர்க்கம். வாழ்நாள் பூரா எதை எதிர்த்து நின்னேனோ அது என் வீட்டுப் போர்வைக்குள்ளயே வந்து படுத்திருக்கு. பொறுத்துக்க முடியுமா?

அவ காய் வாங்கப் போயிருந்தா. நான் என் பஞ்சைக் குப்பையில கொட்டினேன். உறை காலி. ஹால்ல துணியை விரிச்சு உக்காந்து அவ தலையணை ஜிப்பைத் திறந்தேன். டம்ளரால அளந்து போட்டேன் தம்பி. அவளுக்கு ஒரு டம்ளர், எனக்கு ஒரு டம்ளர். இம்மி பிசகல. கடைசியில ஒரு கைப்பிடி மிஞ்சிச்சு, அதையும் எண்ணிப் பிரிச்சேன். சின்னச் சின்னதா, மூணு மூலையோட, கறுப்பா இருக்கும், எண்ணுறதுக்கு வசதி. ஒத்தை ஒண்ணு நின்னுச்சு. அவ பக்கமே போட்டுட்டேன். அதை யாராவது சொல்றாங்களா? சொல்ல மாட்டாங்க.

பலன் என்னன்னா, ரெண்டு தலையணையும் மிதிபட்ட கோணிப்பை மாதிரி ஆயிருச்சு. தலையை வெச்சா உமி ரெண்டு பக்கமும் ஒதுங்கிருது, நடுவுல மண்டை நேரா மெத்தையில இடிக்குது. எனக்கும் தூக்கம் இல்ல, அவளுக்கும் இல்ல. அந்த வகையில பாத்தா சமத்துவம் வந்துருச்சு. ஆனா அவளுக்குக் கழுத்து பழையபடி பிடிச்சுக்கிச்சு. இப்ப யாராவது கூப்பிட்டாக் கழுத்து திரும்ப மாட்டேங்குது, ஆளே மொத்தமாத் திரும்புறா, கப்பல் மாதிரி. அப்படித் திரும்பி நின்னு என்கிட்ட ஒண்ணு சொன்னா பாருங்க. 'நீ அவல் கொண்டு வா, நான் உமி கொண்டு வரேன், ரெண்டு பேரும் ஊதி ஊதித் தின்னலாம்னானாம். அந்தக் கதையா இருக்கு'ன்னா. நான் எத்தனை கூட்டத்துல முதலாளியைப் பாத்துச் சொன்ன பழமொழி அது! என் பழமொழியையே எடுத்து என் மேல எறியுறா. நான் சமத்துவத்தைப் பத்தி விளக்கம் குடுக்க ஆரம்பிச்சேன். குறுக்க ஒரே ஒரு வாக்கியம்தான். 'உங்க சமத்துவத்துல எப்பவும் என் பங்குதானே பாதியாகுது.'

பதில் இருக்கு தம்பி. அதுக்கும் ஒரு பிரசுரம் இருக்கு. அந்த நேரத்துல வாய்க்கு வரல, அவ்வளவுதான்.

அதுலருந்து பேச்சுவார்த்தை முறிஞ்சு போச்சு. சோறு வருது, தண்ணி வருது, பேச்சு வரல. அமைதி வழி ஒத்துழையாமை. யாருகிட்டக் கத்துக்கிட்டா? இந்த மைக்குகிட்டத்தான்.

உமியைத் திரும்ப அவ தலையணையில கொட்டிர வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. கேக்கலாம், ஜனநாயகம். ஆனா திரும்பக் கொட்டினா அதுக்குப் பேரு சரணாகதி. புதுசா ஒண்ணு வாங்கிட்டுப் போய் அவ பக்கத்துல வெச்சா, அதுக்குப் பேரு ஒப்பந்தம். ரெண்டுக்கும் நடுவுல என் மானம் இருக்கு தம்பி. அதுலயும் சாயங்காலம் மக வரா, அம்மா கழுத்து எப்படி இருக்குன்னு பாக்க. அவ வாயில விழுறதுக்குப் பதிலா லாரி முன்னாடி விழலாம். அதுக்குள்ள ஒரு முழுத் தலையணை அந்தக் கட்டில்ல இருந்தாகணும்.

அதான் வந்தேன். வந்து கேட்டா அந்தப் பொண்ணு சிரிச்சுக்கிட்டே சொல்லுது, 'சரக்கு தீந்து போச்சு ஐயா. கடைசியா ஒண்ணுதான் இருக்கு, அதுல அந்த அண்ணன் படுத்துப் பாத்துக்கிட்டிருக்காரு. அவரு வேணாம்னா உங்களுக்கு'ன்னு.

ம். சொல்லிட்டேன். மனசுல வெச்சுக்கிட்டுப் பேசத் தெரியாது எனக்கு. பாம்பு, வேவு, பிற்போக்கு, எல்லாம் அதுக்குத்தான். உங்க வாயிலருந்து 'வேணாம்'னு ஒரு வார்த்தை வரணும், அதுக்குத்தான் இவ்வளவு பிரச்சாரம். இப்ப சொல்லுங்க தம்பி. உங்களுக்கு இளம் கழுத்து. பஞ்சுல கூடத் தாங்கும். அங்க ஒருத்தி கழுத்தைத் திருப்ப முடியாம உக்காந்திருக்கா. வேணாம்னு சொல்லிருங்க. என்ன?

தம்பி.

தம்பி...?

அட.

எப்பலருந்து? எந்த இடத்துல தூங்கினீங்க? பிஸ்கட்டா, ஜிப்பா? சமத்துவத்தைப் பேசினப்பவாவது முழிச்சிருந்தீங்களா? வாயைப் பாரு, அவளை மாதிரியே திறந்து கெடக்கு. நான் கூட நினைச்சேன், என்னடா இது, குறுக்கப் பேசாம, கடியாரத்தைப் பாக்காம இவ்வளவு நேரம் ஒருத்தன் கேக்குறானேன்னு. உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷம் கூட.

மெதுவா ஒரு ஓரத்துலருந்து இழுத்துட்டு, அந்தப் பஞ்சை உள்ள தள்ளிட்டா... சரசரங்குது. தூக்கத்துலயே கட்டிப் பிடிச்சுக்கிட்டாரே. விட மாட்டாரு போல. ஜிப் இந்தப் பக்கம்தான் இருக்கு. ஒரு நாலு கைப்பிடி மட்டும் எடுத்தா... சீ. கையை எடுடா. ஒரு தடவை திறந்து பட்டது போதாதா?

ஏம்மா, சத்தம் போட்டு இறங்காதே. படியில மெதுவா வா. தூங்குறாரு, எழுப்பாதே. இல்லம்மா, எனக்கு அவசரம் ஒண்ணும் இல்ல. இருக்கு, ஆனா பரவால்ல. தூங்குறவங்களைத் தட்டி எழுப்புறதுதான் ஆயுசு பூரா என் வேலை. இன்னிக்கு ஒரு நாள் லீவு. அவரு முழிச்சதும் இதையே பில் போட்டுக் குடுத்துரு. அவருக்கு அமைஞ்சுருச்சு.

நானா? நான் வீட்டுக்குப் போறேன். மக வரதுக்குள்ள கொஞ்சம் உமி கொட்டுற வேலை இருக்கு. கிளம்புறதுக்கு முன்னாடி, அந்த மூலையில நீல உறை போட்டு இருக்கே, பஞ்சு, அதுல ஒண்ணு எடுத்துக் குடும்மா.

யாருக்கா? எனக்குத்தான். ஏன் அப்படிப் பாக்குறே? நல்ல தலையணைதான். இவ்வளவு நேரம் நான்தானே சொல்லிக்கிட்டு இருந்தேன்.