கயிற்றுக்கடை உலகப்பன் விட்ட வெளி

இந்த ஊருக்கு ரயில் வராத காலம். கடைவீதி பூரா ஓலைக்கூரையாக் கிடந்த காலம். அப்போ இந்த மருதம்பாளையத்துல உலகப்பன்னு ஒருத்தர் இருந்தாராம். எங்க பாட்டனுக்குப் பாட்டன். வீதிக்கு நட்டநடுவுல கயிற்றுக்கடை வச்சிருந்தாராம். கடையும் கடையும் ஒட்டித்தான் இருக்குமாம். இந்தக் கடையில இருமினா அந்தக் கடையில கேக்குமாம்.

ஆடி மாசம். காத்துன்னா காத்து, மேற்க இருந்து நிக்காம வீசுற மேகாத்து. மேலக்கோடி பலகாரக்கடை அடுப்புல இருந்து ஒரு பொறி கூரையில ஏறிடுச்சாம். கிணத்துல தண்ணி இல்ல. ஒரு கடை போச்சு. அடுத்த கடை போச்சு. அதுக்கடுத்ததும் போச்சு. தீ கிழக்க பாத்து நடந்து வருதாம்.

உலகப்பனுக்குக் கிழக்கால ஒட்டுன கடை ஜவுளிக்கடை அருணகிரியோடது. அந்தாளு ஓடி வந்தாராம்.

"ஏ உலகப்பா! உன் கடையில பூராத் தேங்காநாரு. அது பத்துனா எங்க கதி என்னாகிறது? இடிச்சுத் தள்ளுப்பா! நடுவுல வெளி கிடந்தா தீ நின்னுபோகும்."

"உங்க கடையை இடிச்சா நிக்காதா மொதலாளி?"

"என் கடையில பட்டு இருக்குய்யா!"

"என் கடையில என் சோறு இருக்கு."

"வீதியே சேந்து உனக்குக் காரைக்கட்டடமாக் கட்டித் தர்றோம். சாமி சத்தியம்!"

சத்தியம் பண்ணினாராம். எல்லாரும் பண்ணினாங்களாம். இதை மறந்துடாதீங்க, நாங்க மறக்கல.

உலகப்பன் சம்சாரம் மாரக்கா புருஷன் கையைப் பிடிச்சுக்கிட்டாளாம். "இடிச்சுட்டு நாளைக்கு எதைத் திங்கிறது?"

அவர் கிழக்க பாத்தாராம். கடைங்க முடியிற இடத்துல குடிசைங்க. எந்திரிக்க முடியாத கிழடுங்க, நேத்துப் பிள்ளை பெத்தவ, எல்லாம் அங்கதான். திரும்பி மேற்க பாத்தாராம். தீ நாலாவது கடைக்கு வந்துடுச்சு.

"மாரக்கா, புதுக்கயிறு எடு."

தன் கடைத் தூணுல தன் கயிற்றையே கட்டினாராம். "இழுங்கடா!"ன்னாராம். இழுத்தாங்களாம். கூரை சாஞ்சுது. "நிக்காதீங்க, இழுங்கடா!" ஓலையையும் நாரையும் வாரிக் கொண்டுபோய் வயல்ல கொட்டினாங்களாம். தீ வந்துச்சு. எட்டிப் பாத்துச்சு. தாவ ஒண்ணுமில்ல. அங்கேயே படுத்துடுச்சாம்.

குடிசைங்க தப்பிச்சுது. பட்டும் தப்பிச்சுது. சத்தியம் என்னாச்சு?

போய்க் கேட்டாராம். "இந்த வருஷம் வியாபாரம் சரியில்லப்பா." மறுவருஷமும் கேட்டாராம். "மொதல்ல எங்க கட்டடம் முடியட்டும்." முடிஞ்சுது, நல்லாவே முடிஞ்சுது. நீங்க இப்போ அண்ணாந்து பாக்கிறீங்களே, இந்த மாடி, இந்த வளைவு, நெத்தியில வருஷம் போட்டுச் சுண்ணாம்புல செஞ்ச மயிலு, எல்லாம் அப்போ எழும்பினதுதான். அந்த மாடிங்களுக்கு நடுவுல வெறுந்தரையில சாக்கு விரிச்சு உலகப்பன் கயிறு வித்தாராம். மழை வந்தா அதே சாக்கைத் தலையில போட்டுக்குவாராம்.

ஒருநாள் அருணகிரி பல்லை இளிச்சுக்கிட்டு வந்தாராம். "சும்மாதானே கிடக்கு. இந்த இடத்தை எனக்குக் குடுத்துடு. கடையைச் சேத்துக் கட்டிக்கிறேன்."

"கட்டிக்குங்க மொதலாளி. ஆனா ஒண்ணு சொல்லுங்க. உங்க மாடியில உத்தரம், தளம் பூரா மரம். மறுபடி தீ வந்தா எதை இடிப்பீங்க? உங்க கடையை இடிப்பீங்களா?"

அருணகிரி தன் மாடியை அண்ணாந்து பாத்துட்டுத் திரும்பி நடந்தாராம். வீதியே கூடி நின்னுச்சாம். ஒவ்வொருத்தரா நழுவி அவங்கவங்க கடைக்குள்ள போயிட்டாங்களாம்.

"அப்போ இது இப்படியே கிடக்கட்டும்"னுட்டு உலகப்பன் சாக்கை உதறிப் போட்டு உக்காந்துட்டாராம்.

அன்னையில இருந்து இதுக்கு உலகப்பன் வெளின்னு பேரு. இந்த வீதியில புதுசாக் கடை திறக்கிற எவனும் முதல்ல இங்க வந்து நிக்கணும். எங்க வீட்டு ஆள் ஒருத்தன் கேக்கணும்: "தீ வந்தா உன் கடையை இடிப்பியா?" ஆமான்னு சொல்றவனுக்கு இந்த இடம் சும்மாவே சொந்தம். எங்க பாட்டன் கேட்டாரு, எங்கப்பன் கேட்டாரு, இப்போ நான் கேக்கிறேன். போன தை மாசம் அருணகிரி வம்சத்துப் பையன் செல்போன் கடை திறந்தான். கேட்டேன்.

"இன்சூரன்ஸ் போட்டிருக்கேன் பெரியவரே"ன்னான்.

வெளி அப்படியேதான் கிடக்கு.