ஒரு வார்த்தை குறைந்த கதவு

படிக்கட்டு ஏறுவது முழங்காலுக்கு நல்லது சார். எங்கள் அலுவலகம் நான்காவது மாடி, எண்பத்தெட்டு படி. மூன்று வாரமாக ஏறி இறங்கியதில் எனக்குத் தொப்பைகூடக் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

நீங்கள் கேட்டது லிஃப்ட் கதவைப் பற்றி. அதைச் சொல்ல வேண்டுமானால் கம்பைலரிலிருந்து தொடங்க வேண்டும். கொட்டாவி விடாதீர்கள். எங்கள் மீட்டிங்கிலும் சரியாக இந்த இடத்தில்தான் எல்லோரும் விடுவார்கள்.

நாங்கள் செய்வது லிஃப்டை இயக்கும் போர்டு. அதில் சுண்டுவிரல் நகம் அளவு ஒரு சிப். நான் எழுதும் நிரலை, அதாவது 'கோடு' என்று நாங்கள் சொல்வதை, சிப்புக்குப் புரிகிற மாதிரி மாற்றுவது கம்பைலர். மாற்றிய துண்டுகளை ஒட்டி, நினைவகத்தில் எது எங்கே உட்கார வேண்டும் என்று இடம் போட்டுக்கொடுப்பது லிங்கர். இடம் இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிடும். எங்கள் அலுவலகத்தில் முகத்துக்கு நேராக அப்படிச் சொல்வது அது ஒன்றுதான்.

இந்த வருடம் பாதி நினைவகம் உள்ள சிப்புக்கு மாறினோம். லிங்கர் ஆயிரத்து நானூறு பைட் இடம் போதவில்லை என்றது. டீம் லீடரிடம் போனேன். அவருக்குப் பட்டப்பெயர் பச்சை. ஒட்டி முடித்த மென்பொருளுக்குப் பில்ட் என்று பெயர்; அது திரையில் பச்சையாக வந்தால் போதும், உலகம் எரிந்தாலும் கவலைப்பட மாட்டார்.

"சுருக்கச் சொல்ற ஆப்ஷன் ஒண்ணு இருக்குல்ல, அதைப் போடு."

"போட்டா கம்பைலர் தன் இஷ்டத்துக்கு வெட்டும் சார். நம்ம டெஸ்ட் பண்றது சுருக்காத பில்டை. விக்கப்போறது சுருக்கினதை."

"அதே கோடுதானடா?"

"கோடு அதேதான். சிப்புல ஏறுறது வேற."

"எரர் வருதா?"

"எரர் இல்ல. வார்னிங் இருநூத்திப் பதினாலு."

"வார்னிங்ங்கிறது மாமியார் முணுமுணுக்கிற மாதிரி. வாயை மூட ஒரு ஆப்ஷன் இருக்குமே, அதையும் சேர்த்துப் போடு."

போட்டேன். பச்சை வந்தது. கேக் வெட்டினார்கள்.

கம்பைலர் என்ன வெட்டியது என்று நான் வரிவரியாகப் பார்த்தேன். யாரும் பார்க்கச் சொல்லவில்லை, எனக்கு அப்படி ஒரு வியாதி. கதவு மூடும்போது குறுக்கே ஆள் வந்தால் சென்சார் ஒரு மாறியில், அதாவது நினைவகத்தில் ஒரு சின்னக் கட்டத்தில், ஒன்று என்று எழுதும். கதவை மூடுகிற பகுதி அந்த மாறியை மூடி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சுருக்கச் சொன்னதும் கம்பைலர் யோசித்திருக்கிறது: இந்தப் பகுதிக்குள் யாரும் இதை மாற்றவில்லையே, எதற்குத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும்? ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு மூட ஆரம்பித்துவிடும். அதற்குப் பிறகு குறுக்கே வந்தது கையோ காலோ, அதற்குத் தெரியாது.

மருந்து ஒரே வார்த்தை. 'வோலடைல்' என்று அந்த மாறிக்கு முன்னால் எழுத வேண்டும். இது வெளியிலிருந்தும் மாறும், ஒவ்வொரு தடவையும் பார் என்று கம்பைலருக்குச் சொல்லும் வார்த்தை. ஐந்து மாதத்தில் பச்சைக்குப் பதினோரு மெயில் போட்டேன். எட்டாவதுக்குப் பதில் வந்தது, ஒரு கட்டைவிரல் படம்.

வாடிக்கையாளர் தலையில் கட்டுவதற்கு முன்பு ஒரு மாதம் எங்கள் கட்டட லிஃப்டிலேயே புது பில்டை ஓட்டுவது கம்பெனி வழக்கம். போர்டு ஏறிய அன்றிலிருந்து நான் படிக்கட்டுக்கு மாறினேன்.

காரணம் கேட்டது டெஸ்டர் அக்கா மட்டும்தான். ஊசிமுனைக் கம்பியைக்கூட மெஷின் இல்லாமல் கையாலேயே ஈயம் உருக்கி சால்டர் செய்கிறவர். அந்தக் கைக்காகவே மற்ற கம்பெனிகள் அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தன. "என்னடா தம்பி, லிஃப்டோட சண்டையா? எனக்குப் புரியற மாதிரி சொல்லு," என்றார். சொன்னேன். ஒரு தடவைகூடக் கொட்டாவி விடவில்லை. கடைசியில், "அட பாவிகளா, நான் ரெண்டு மாசமா வேற எதையோவா டெஸ்ட் பண்ணிட்டிருந்தேன்?" என்றார். போய், 'மூடும்போது கை நீட்டாதீர்கள்' என்று தாளில் எழுதி எல்லா மாடியிலும் லிஃப்ட் பக்கத்தில் ஒட்டினார். பிறகு தினமும் பச்சையின் மேசைக்குப் போய் எனக்காகச் சண்டை போட்டார்.

போன புதன்கிழமை பச்சை இறங்கி வந்தார். எல்லோர் முன்னாலும் சொன்னார்: "சரிடா, உன் மனசு ஆறட்டும். அந்த வார்த்தையைப் போட்டுத் தொலை." மாற்றக் குறிப்பில் அவரே டைப் செய்தார்: தம்பியின் திருப்திக்காக ஒரு சிறு திருத்தம். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் லேசாகச் சிரித்தார். ஜெயித்துவிட்டோம் என்ற சிரிப்பு அது, எனக்குத் தெரியும்.

நான் போய் உட்கார்ந்தேன். அந்த வார்த்தையை டைப் செய்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். இதைப் போட்டால் கதவு ஒழுங்காகத் திறக்கும். ஒழுங்காகத் திறக்கிற கதவை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நான் சொன்னது உண்மை என்பதற்கு இனி எந்த ஆதாரமும் இருக்காது. ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்த பையனுக்கு ஒரு மிட்டாய் கொடுத்த கதையாகத்தான் நிற்கும். நீங்களே சொல்லுங்கள், ஐந்து மாத உழைப்பு சார்.

வார்த்தையை அழித்தேன். குறிப்பை மட்டும் அப்படியே விட்டு, பழையதையே மறுபடி பில்ட் செய்து போர்டில் ஏற்றினேன். பச்சை வந்தது.

டீம் லீடர் பச்சைக்கு ஒரு பழக்கம் உண்டு. மூடுகிற கதவுக்குள் கையை விட்டு நிறுத்தி, உள்ளே இருப்பவர்களிடம் ஒரு ஜோக் அடித்துவிட்டுத்தான் ஏறுவார். ஒரு கை, ஒரு சின்ன நசுங்கல், ஒரு கட்டு. அதற்கு மேல் நான் கணக்குப் போடவில்லை.

அக்கா வந்து, "போட்டாச்சாடா?" என்றார்.

"போட்டாச்சு அக்கா."

"நான் ஒருதடவை செக் பண்ணிடட்டுமா?"

"ஒரு வார்த்தைதானே அக்கா. நானே பாத்துட்டேன்."

"அப்ப சரி. உன் பேச்சை நம்பாம வேற யார் பேச்சை நம்பறது?" என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு மாடியாகப் போய் அந்தத் தாள்களைக் கிழித்துவந்தார். படிக்கட்டில் எதிரே பார்த்தேன். கையில் சுருட்டி வைத்திருந்தார். அப்போது சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பது புரிகிறது. பச்சை அன்றைக்குக் கிளம்பிவிட்டார், மறுநாள் காலையில்தான் வருவதாக இருந்தது.

மறுநாள் பச்சை லீவு. அக்கா போர்டுகள் அடுக்கிய டிரேயோடு ஓடிவந்து, மூடுகிற கதவுக்குள் வலக்கையை நீட்டினார். செக்யூரிட்டி மெயினை அணைக்கிறவரை நாற்பது விநாடி மோட்டார் தள்ளிக்கொண்டே இருந்தது. லிஃப்ட் மட்டும் நகரவில்லை. அதற்கு வேறு சுவிட்ச், அது நான் எழுதியதல்ல. மூன்று விரல்கள் போய்விட்டன என்று சொன்னார்கள்.

மருத்துவமனையில் அக்கா என்னைப் பார்க்க மறுத்துவிட்டார். வலியில் இருப்பவர்கள் அப்படித்தான், நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. பச்சை மட்டும் வாசலில் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். "நீ அப்பவே சொன்னியேடா, நாங்கதான் கேக்கல," என்றார். அந்த வார்த்தை இன்னும் கோடில் இல்லை என்பது அவருக்கு அப்போது தெரியாது. ஐந்து மாதத்தில் அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினேன்.

அறிக்கையில் எப்படியும் 'இந்தப் பிழை முன்கூட்டியே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது' என்று ஒரு வரி எழுதுவீர்கள். யார் கண்டுபிடித்தது என்பதையும் அங்கேயே சேர்த்துவிடுங்கள் சார்.