யாரும் தொடாத ஈக்குப்பிகள்

மேடையில் வீற்றிருக்கும் துறைத்தலைவர் அவர்களே, துயரத்தோடு திரண்டிருக்கும் ஆய்வுக்கூடத்துச் சொந்தங்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும், மறைந்த நம் பேராசிரியரின் அன்பு மகளே, வணக்கம். பேராசிரியரோடு ஒரே கூடத்தில் வேலை பார்த்தவன் நான். இன்று தலை நிமிர்ந்து பேச முடியவில்லை.

நம் பேராசிரியரை ஈக்கார அம்மா என்போம். "ஈ ஓட்டறதுக்கா மேடம் சம்பளம்?" என்று கணக்காளர் கிண்டலடிப்பார். "ஓட்டலைங்க, வளக்கறேன்" என்பார் அசராமல். எதற்கு வளர்த்தார்? பழ ஈயின் புழுவுக்குள், பின்னால் இறக்கையாகப் போகும் சின்னத் தட்டு ஒன்று உண்டு. அதில் காயம் பட்டால் அக்கம்பக்கத்துச் செல்கள் இழந்த பகுதியை மறுபடி வளர்த்துவிடும். அப்படி வளரத் தொடங்கும் செல்களில் மட்டும் தலைகாட்டும் ஒரு புரதத்தைக் கண்டறிந்தவர் யார்? அவர். அது பச்சையாய் ஒளிரும்படி ஓர் ஈ வம்சத்தையே உருவாக்கியவர் யார்? அவர். விடுமுறையிலும் வந்து, தீனி தீருமுன் அந்த ஈக்களைப் புதுக் குப்பிக்கு மாற்றியவர் யார்? அவரேதான்.

நாம் என்ன செய்தோம்? அடுத்தவர் குப்பியில் கை வைக்கக் கூடாது என்பது நம் கூடத்து வழக்கம். அவர் மறைந்தபின் அது பக்தியாகவே ஆகிவிட்டது. "அம்மா வச்சது வச்சபடி இருக்கு" என்று வருவோர் போவோரிடமெல்லாம் பீற்றிக்கொண்டோம். இந்த அஞ்சலிக் கூட்டத்துப் பேனரில் யார் பெயர் முதலில் வருவது என்று மல்லுக்கட்டினோம்.

நேற்று மகள் வந்தார். "அம்மாவோட பச்சையை ஒரு தடவை பாக்கலாமா அங்கிள்?" என்றார். குப்பிகளை எடுத்தேன். தீனி காய்ந்து வெடித்திருந்தது. ஒரு புழுகூட அசையவில்லை. மரியாதை என்ற பெயரில் பட்டினி போட்டுக் கொன்றிருக்கிறோம். அந்தப் பெண் குப்பியை வாங்கி, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வெட்கமாக இருக்கிறது.

"அவர் பணியைத் தொடர்வோம்" என்று உறுதி சொல்லத்தான் என்னை மேடை ஏற்றினார்கள். எதை வைத்துத் தொடர்வது?

கடைசி வரிசையில் ஓர் ஆசிரியை உட்கார்ந்திருக்கிறார். வேறொரு கல்லூரிக்காரர். போன வருடம் ஈக்கார அம்மா அவருக்கு இந்தப் பச்சை ஈக்களில் ஒரு குப்பி கொடுத்தார். "கேட்டவங்களுக்கெல்லாம் தூக்கிக் குடுத்தா நமக்கு என்ன மிச்சம்?" என்று நாங்கள் சண்டைக்குப் போனோம். அந்தக் கோபத்தில்தான், சகோதரி, இன்று உங்களை மேடைக்கு அழைக்கவில்லை.

உங்கள் கூடத்தில் அவை உயிரோடு இருக்கின்றனவா? இருந்தால் ஒரு குப்பி கொடுங்கள். இத்தனை பேர் முன்னிலையில் கையேந்திக் கேட்கிறேன். நன்றி கூறி அமர வேண்டிய நேரம் இது. உங்கள் பதில் தெரியாமல் என்னால் உட்கார முடியாது.