இன்னும் ஒன்பது அடி

— அஞ்சரைக்கு எழுந்துக்கிறேன். பாலை அடுப்புல வைக்கிறேன். அது பொங்குறதுக்குள்ள பல்லு விளக்கிடுவேன். குளிக்கிறேன். சட்டை தேய்க்கிறேன். எட்டே காலுக்கு பஸ். என் காலைப்பொழுது இவ்வளவுதான் மச்சான். போதுமா?

— இதெல்லாம் ஒரு பதிலா மாப்ள? எப்படி இருக்கீங்கன்னு கேட்டா பஸ் டைம் சொல்றீங்க. அவ போய் நாலு மாசமாச்சு. இனிமே என்ன பண்ணப்போறோம், எங்க போய் நிக்கப்போறோம்னு ஒரு டார்கெட் வேணாமா மனுசனுக்கு?

— பஸ்ஸைப் பிடிக்கிறேன்ல. அதான் டார்கெட்.

— இதை என் தங்கச்சி கேட்டிருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பா.

— அவளை விடுங்க. வந்த விஷயத்தைச் சொல்லுங்க.

— சொல்றேன் கேளுங்க. நாளைக்குப் பத்து மணிக்கு அவ பாடம் எடுத்த ஸ்கூல்ல அவ நினைவா போர்டு திறக்கிறாங்க. மாடிப்படி ஏறினதும் எதிர் சுவத்துல.

— அவ வழுக்கி விழுந்து தொடை எலும்பை ஒடிச்சுக்கிட்டாளே, அதே படியிலயா?

— அதே படிதான். அங்க மாட்டினாத்தானே மாப்ள பிள்ளைங்களுக்கு உறைக்கும்? மேல அவ போட்டோ. கீழ அவ கடைசியா சொன்ன வார்த்தை. “நாளைக்கு இருபத்திரெண்டு அடி நடப்பேன்.” ஹெட்மிஸ்ட்ரஸே பக்கத்துல நின்னு எழுத வெச்சிருக்காங்க. படிச்சப்போ எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போச்சு.

— எனக்கு எரியுது.

— எரியுதா? எங்க டைல்ஸ் கம்பெனியில வந்து கேட்டுப் பாருங்க. திங்கக்கிழமை மீட்டிங்னா முதல்ல அவ கதைதான். ‘தொடையில பிளேட் வெச்சவ. கட்டிலை விட்டு இறங்க முடியாதவ. முதல் நாள் ரெண்டு அடி, மறுநாள் நாலு அடி, பத்தாவது நாள் இருபது அடி. நீங்க மாசம் நூறு பெட்டி விக்கிறதுக்கு மூக்கால அழறீங்களேடா’ன்னு கேப்பேன். அந்த வாரமே பயலுக ஓடி ஓடி விப்பானுக.

— அவ செத்ததை வெச்சு டைல்ஸ் விக்கிறீங்க.

— மாப்ள! வார்த்தையை அளந்து பேசுங்க. நான் தூக்கி வளத்த பொண்ணு அவ.

— தூக்கி வளத்தீங்க. இப்ப தூக்கி சுவத்துல மாட்டுறீங்க.

— சொல்றேன் கேளுங்க, நான் சண்டைக்கு வரல. எனக்கு அந்தத் தாள் வேணும். ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டியிருக்கே, அவ நடந்த கணக்கு, கட்டம் கட்டமா, அது. போட்டோவுக்குப் பக்கத்துலயே ஃப்ரேம் போட்டு மாட்டணும்னு ஹெட்மிஸ்ட்ரஸ் ஆசைப்படுறாங்க.

— தர மாட்டேன்.

— ஒரு தாளு மாப்ள!

— ஒரு தாளுதான். தர மாட்டேன்.

— அதுல என் தங்கச்சி கையெழுத்து இருக்கு. எனக்கும் உரிமை இருக்கு.

— அதுல ஒரு எழுத்துகூட அவளோடது இல்ல. கட்டம் போட்டது நான். தேதி எழுதினது நான். எத்தனை அடின்னு எழுதினதும் நான்.

— அவ இல்லையா?

— அவளா? கடைக்குப் போக லிஸ்ட் எழுதி, அந்த லிஸ்டை வீட்டுலயே வெச்சுட்டுப் போறவ மச்சான் உங்க தங்கச்சி.

— அது சரி. பரீட்சைக்கு ஹால் டிக்கெட்டையே மறந்துட்டுப் போனவதானே. அதைக் கொண்டுபோய்க் குடுக்க நான் சைக்கிளை மிதிச்ச மிதி எனக்குத்தான் தெரியும்... சரி, யார் எழுதினா என்ன? நடந்தது அவதானே? டாக்டரும் நடக்கத்தானே சொன்னாரு?

— முடிஞ்ச அளவுக்கு நடக்கட்டும்னு சொன்னாரு. அந்த ‘முடிஞ்ச அளவை’ நான் கட்டத்துக்குள்ள எழுதிட்டேன். தினமும் ரெண்டு அடி கூட்டினேன். அவளைக் கேக்கல. ஒரே மாசத்துல ஸ்கூலுக்கு அனுப்பிடணும்னு எனக்கு வெறி.

— அது வெறி இல்ல மாப்ள, அக்கறை. எங்க, காட்டுங்க அதை. ரெண்டு, நாலு, ஆறு... எல்லாத்துலயும் டிக் இருக்கு. அட, பத்தாவது கட்டம் காலியா இருக்கே? அன்னைக்கு இருந்த பதட்டத்துல மறந்திருப்பீங்க. பேனா குடுங்க, நானே போட்டுடறேன். ஃப்ரேம்ல ஒண்ணு மட்டும் காலியாத் தெரிஞ்சா நல்லாவா இருக்கும்?

— கையை எடுங்க.

— ஒரே ஒரு டிக் மாப்ள—

— கையை எடுங்கன்னேன்! அதுல பேனா பட்டுச்சுன்னா மச்சான்னுகூடப் பாக்க மாட்டேன்.

— என்ன, அடிப்பீங்களா? அடிங்க! அடிச்சாலாவது நீங்க உயிரோட இருக்கீங்கன்னு தெரிஞ்சுக்கிறேன். யார்கிட்டயும் பேசுறதில்ல. அழுததில்ல. எங்க அம்மா பத்து தடவை போன் பண்ணினா ஒரு தடவை எடுக்கிறீங்க. எங்களுக்கு அவளோடதுன்னு மிஞ்சினது அந்த ஒரு வார்த்தைதான். அம்மா காலையில மாத்திரை போடுறப்போ அதைச் சொல்லிட்டுத்தான் தண்ணி குடிக்கிறாங்க. அதையும் பிடுங்கணுமா உங்களுக்கு?

— அவ அதைச் சொல்லல.

— எதை?

— நாளைக்கு இருபத்திரெண்டு. அவ சொல்லவே இல்ல.

— நீங்கதானே சொன்னீங்க! ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு, போன்ல!

— கடைசியா என்ன சொன்னா, என்ன சொன்னான்னு நீங்க கத்திக்கிட்டே இருந்தீங்க. எதையாவது சொல்லி உங்க வாயை அடைக்கணும். சொன்னேன்.

— பொய்யா?

— பொய்.

— அடப்பாவி மனுசா. நாலு மாசமா நான் ஊர் முழுக்க சொல்லிட்டுத் திரியறேன். நாளைக்கு அத்தனை பிள்ளைங்களும் நின்னு படிக்கப்போகுது. எங்க அம்மா மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்? அன்னைக்கு அவ நடந்தாளா, அதுவும் பொய்யா?

— பதினொரு அடி நடந்தா. இதோ இந்த சமையலறைக் கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. கால் கனக்குதுன்னா. மூச்சு வாங்குச்சு. நான் அங்க, அந்த நாற்காலி பக்கத்துல நின்னு எண்ணிக்கிட்டு இருந்தேன். சாக்கு சொல்றான்னு கோபம். ‘இன்னும் ஒன்பது அடி, சும்மா நடடி’ன்னு சொன்னேன்.

— ரத்தக்கட்டி நுரையீரலுக்கு ஏறினதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க மாப்ள? படுத்திருந்தாலும் ஏறியிருக்கும்னு டாக்டர் சொன்னாரே.

— சொன்னாரு. படுத்திருந்தா படுத்துக்கிட்டே போயிருப்பா. நான் நிக்க வெச்சு அனுப்பினேன்.

— மாப்ள, உக்காருங்க.

— உக்கார மாட்டேன். போர்டுக்கு வார்த்தை வேணும்ல உங்களுக்கு?

— போர்டு கிடக்கட்டும். என்ன சொன்னா? அண்ணன் கேக்கிறேன். இப்பவாவது உண்மையைச் சொல்லுங்க.

— “நீயே ஒரு டிக் போட்டுக்கோப்பா. இன்னைக்கு நடந்துட்டேன்னு வெச்சுக்கோ.”